வல்லாள மகாராசன்

காரிமங்கலக் குன்றின்மீது அருணேசுவரர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியுள்ள பெருமான் திருவண்ணாமலையாரே ஆதலின், அவரை மகனாகப் பெற்ற மன்னனது வரலாறு இக்குடமுழுக்கு நாளில் நினைத்தற்குரியது.

அம்மன்னன் போசள வேந்தனாகிய மூன்றாம் வீரவல்லாளன். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பால் துவாரசமுத்திரம் தளர்ந்தது. பின்னாளில் அவன் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாக்கிக்கொண்டான். அங்குள்ள வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயர் தாங்கி நிற்கின்றது.

அருணாசல புராணம் அவனை மகப்பேறற்றவன் என்னும். அடியார் கோலத்தில் வந்த இறைவன் பெண்ணொருத்தியை வேண்ட, சொன்ன சொல் தவறாத அரசன் தன் இளைய தேவியையே அனுப்பினான். அவள் தீண்டியதும் அடியார் பச்சிளங் குழந்தையானார். மன்னன் எடுத்தணைக்க, மறைந்தார். தாமே மகனாயிருந்து இறுதிக்கடன் ஆற்றுவதாக அருளினார். கல்வெட்டுக்களோ விருபாட்சன் என்னும் மகனைக் காட்டும். அதனாற் புராணம் பொய்யாகிவிடாது. கொடுத்தற்கரியதைக் கொடுத்தவனுக்கு இறைவன் கடன்பட்டான் என்பதே அதன் உட்பொருள்.

1342-43இல் கண்ணனூர்க் கொப்பத்துப் போரில், எண்பது வயதைக் கடந்த அரசன் மதுரைச் சுல்தானிடம் சிறைப்பட்டுக் கொலையுண்டான். அவன் உடற்றோல் மதுரை மதிலில் தொங்கக் கண்டதாக இபன் பதூதா எழுதியுள்ளார். மேலும் விரித்தல் வேண்டா. இங்ஙனம் முடிந்தவனுக்கு, தந்தையில்லாத அண்ணாமலைப் பெருமான் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளித் திதி கொடுத்து வருகின்றார்.