ஜாடிகளை வரைந்த வாத்தியார்

மலருக்கு ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். தலைவர்கள், விஞ்ஞானிகள் பற்றி மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். நான் ஒரு டிராயிங் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். தான் படித்த கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பியவர் என்பதால், நம் மலரில் அவருக்கு இடம் உண்டு.

பெயர் ஜார்ஜோ மொராண்டி. இத்தாலியில் பொலோன்யா நகரில் 1890-ல் பிறந்தார். 1907-ல் அந்த ஊர் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1909-ல் அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, மூன்று தங்கைகள். இவர்தான் மூத்த பிள்ளை. படிப்பு முடிந்ததும் ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் சொல்லிக்கொடுக்கப் போனார். சுமார் 15 வருஷம் அந்த உத்தியோகம்தான். 1930-ல் பழைய கல்லூரியே கூப்பிட்டது. உலோகத் தகட்டில் கோடு கீறி அச்செடுக்கும் எட்சிங் கலைக்குப் பேராசிரியராக 1956 வரை இருந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைகளோடு ஃபோண்டாட்ஸா தெரு வீட்டில் வாழ்ந்தார். படுக்கையறையே ஸ்டுடியோ. ஒற்றைக் கட்டில், மேஜை, சுற்றிலும் பழைய சாமான்கள்: தண்ணீர் ஜக்கு, பூச்சாடி, பீங்கான் கிண்ணம், பாட்டில், தகர டப்பா. வாழ்நாள் முழுக்க பெரும்பாலும் இவற்றைத்தான் வரைந்தார்.

இதில் என்ன இருக்கு என்று கேட்கத் தோன்றும். கண்ணாடி பாட்டில் பளபளக்கக் கூடாதென்று அதற்கே பெயின்ட் பூசிவிடுவார். ஜாடியில் படிந்த தூசியைத் துடைக்க மாட்டார். வெளிச்சம் அதில் அடங்கித் தெரியும். கிண்ணத்தை இரண்டு விரற்கடை நகர்த்தினால் இடைவெளி மாறும், நிழல் மாறும். அவருக்கு அது வேறு படம். அதனால் சாமான் நின்ற இடத்தை மேஜைமேல் விரித்த தாளில் குறித்து வைப்பார். நாலைந்து ஜாடிகள் ஒட்டி நிற்கும் அவர் படங்கள், குடும்பம் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இத்தாலியை விட்டு முதல் தடவை வெளியே போனதே 1956-ல், அறுபது வயதைத் தாண்டித்தான். ஆனால் படங்கள் ஊர் ஊராகப் போயின. 1948-ல் வெனிஸ் பியன்னாலே பரிசு, 1957-ல் பிரேசிலில் சாவோ பாவ்லோ பியன்னாலேயின் பெரும் பரிசு. 1964-ல் காலமானார். அந்த வீடு 2009 முதல் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது.

நம் செட்டில் பலர் கடல் கடந்து போனார்கள்; நமக்கெல்லாம் பெருமை. குடும்பத்தைத் தாங்க ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு, நானும் அதில் ஒருத்தன். இன்னும் அங்கேயேதானா என்று நண்பர்கள் விசாரிக்கும்போதெல்லாம் மொராண்டியை நினைத்துக்கொள்வேன். மாணவச் செல்வங்களே, படம் வரைய விஷயம் தேடி எங்கும் அலைய வேண்டாம். அடுக்களையில் அம்மா வைத்திருக்கும் ஊறுகாய் ஜாடியை முதலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.