அந்தமானியர் சரித்திரம் எழுதிய போர்ட்மேன்

அந்தமான் பழங்குடியினரைப் பற்றி எழுதுவோர் மாரிஸ் விடால் போர்ட்மேன் துரையின் இரண்டு பாகச் சரித்திரத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது. 1860-ல் பிறந்த இவர், 1879-ல் போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) பழங்குடியினர் பொறுப்பு அதிகாரியானார். வயது பத்தொன்பது! அந்த வயதில் நம்மில் பலர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன ஆராய்ச்சி என்று அவர்களை நிறுத்தி உடல் அளவெடுத்தார், புகைப்படம் பிடித்தார். அவர்கள் மொழிகளையும் கற்றுக் குறித்து வைத்தார்.

1880-ல் பெரும் கூட்டத்துடன் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து வந்தார். அனைவரும் நோயில் விழுந்தனர். பெரியவர்கள் இருவரும் இறந்தனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களுடன் தீவில் விட்டு வந்தார். அந்தப் பிள்ளைகள் என்ன நோயைக் கொண்டு போனார்களோ!

இதை அவர் மறைக்கவில்லை. 1899-ல் வெளியான நூலில் தாமே எழுதி, அந்த மக்களின் அச்சம் கூடியதே தவிரப் பலனில்லை என்று ஒப்புக்கொண்டார். அவரைச் சரித்திரக்காரர் என்று மதிப்பதற்கு இதுவே போதும். அதிகாரி என்ற முறையில் மன்னிப்பது வேறு விஷயம். வெளியார் தொடர்பு அந்தமானியருக்குக் கேடாகவே முடிந்தது என்பதும் அவர் கண்ட முடிவு. ஒரு காலத்தில் பல ஆயிரமாக இருந்த கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேரே.

போர்ட்மேன் 1935-ல் காலமானார். சென்டினல் தீவை நெருங்க இன்று அரசாங்கத் தடை உண்டு.