டிக் பவல்

டிக் பவல் (நவம்பர் 14, 1904 - ஜனவரி 2, 1963) ஓர் அமெரிக்க நடிகரும் பாடகரும் திரைப்பட இயக்குனரும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் ஆவார். இசைத் திரைப்படங்களின் காதல் நாயகனாகப் புகழ் பெற்ற இவர், பின்னர் துப்பறிவாளர் வேடங்களில் நடித்தார். இறுதியில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கியதோடு, ஃபோர் ஸ்டார் என்னும் தயாரிப்பு நிறுவனத்தையும் தலைமையேற்று நடத்தினார்.

இளமைக் காலம்

ரிச்சர்ட் யூவிங் பவல் என்பது இவரது இயற்பெயர். ஆர்கன்சா மாநிலத்தின் மவுண்டன் வியூ என்னும் ஊரில் பிறந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கிப் பின்னர் சார்லி டேவிஸ் இசைக்குழுவில் பாடகரானார். பிட்ஸ்பர்க் நகர அரங்குகளில் மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கினார்.

திரைப்படத் துறை

1932 இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பிளெஸ்டு இவென்ட் படத்தில் அறிமுகமானார். 1933 இல் வெளிவந்த ஃபார்ட்டி-செகண்ட் ஸ்ட்ரீட், ஃபுட்லைட் பரேட் ஆகிய படங்களில் ரூபி கீலருடன் நடித்தார். தொடர்ந்து ஒரே வகையான பாடகர் வேடங்களே இவருக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து விடுபட விரும்பி, டபுள் இன்டெம்னிட்டி படத்தின் நாயகன் வேடத்திற்கு முயன்றார். அவ்வேடம் ஃபிரெட் மக்மரிக்குச் சென்றது.

1944 இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் ரேமண்ட் சாண்ட்லரின் புதினமொன்றைப் படமாக்கியபோது, துப்பறிவாளர் பிலிப் மார்லோவாக நடித்தார். புதினத்தின் பெயரான ஃபேர்வெல், மை லவ்லி என்பதையே படத்திற்கும் முதலில் இட்டிருந்தனர். பவல் நடிப்பதால் இது இசைப்படம் என்று மக்கள் கருதியமையால், மர்டர், மை ஸ்வீட் எனப் பெயர் மாற்றப்பட்டது. இப்படம் இவரைப் பற்றிய பழைய கருத்தை மாற்றியது. 1949 முதல் 1953 வரை ரிச்சர்ட் டயமண்ட் என்னும் வானொலித் தொடரிலும் துப்பறிவாளராக நடித்தார்.

தொலைக்காட்சி

1952 இல் டேவிட் நிவன், சார்லஸ் போயர் ஆகியோருடன் சேர்ந்து ஃபோர் ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரில் நால்வர் இருந்தபோதும் உரிமையாளர் மூவரே. நான்காம் நட்சத்திரமாக நடித்த ஐடா லூப்பினோ பங்குதாரர் அல்லர். நடிகர்கள் தாமே உரிமையாளர்களாக இருந்து நடத்திய தொலைக்காட்சி நிறுவனம் என்பது இதன் சிறப்பு.

1956 முதல் 1961 வரை சி.பி.எஸ். ஒளிபரப்பிய சேன் கிரே தியேட்டர் தொடரைப் பவல் தொகுத்து வழங்கினார். வாரந்தோறும் தனிக்கதையாக அமைந்த இத்தொடர், புதிய தொடர்களுக்கு முன்னோட்டக் களமாகவும் பயன்பட்டது. சாம் பெக்கின்பா எழுதிய கதையொன்று இதில் ஒளிபரப்பாகிப் பின்னர் தி ரைஃபிள்மேன் (1958-1963) என்னும் தொடராக வளர்ந்தது. ஸ்டீவ் மக்குயின் நடித்த வான்டட்: டெட் ஆர் அலைவ் தொடரும் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகும். 1961 இல் என்.பி.சி. யில் டிக் பவல் ஷோ தொடங்கியது.

மறைவு

ஜோன் பிளாண்டெலுடனான மணமுறிவுக்குப் பின், 1945 இல் நடிகை ஜூன் ஆலிசனை மணந்தார். 1963 சனவரி 2 அன்று, தமது 58 ஆம் அகவையில் புற்றுநோயால் காலமானார்.

இவர் இயக்கிய தி கான்கரர் (1956) திரைப்படம், நெவாடா அணுகுண்டுச் சோதனைக் களத்தின் கதிர்வீச்சுத் துகள்கள் படிந்த யூட்டா பகுதியில் 1954 இல் படமாக்கப்பட்டது. அதில் நடித்த ஜான் வெயின், சூசன் ஹேவர்ட் ஆகியோரும் பின்னர் புற்றுநோயால் இறந்தனர். இவ்விறப்புகளுக்குக் கதிர்வீச்சே காரணம் என்பது நிறுவப்படவில்லை.

டிக் பவல் ஷோவின் முதல் கதையில் இவர் ஏற்ற ஏமஸ் பர்க் என்னும் பாத்திரத்தை மையமாகக் கொண்ட பர்க்ஸ் லா தொடர், இவர் மறைந்த அதே ஆண்டில் ஜீன் பாரியின் நடிப்பில் தொடங்கியது.