ராபர்ட் பன்சன்

ராபர்ட் வில்ஹெல்ம் பன்சன் (மார்ச் 30, 1811 - ஆகஸ்ட் 16, 1899) ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பன்சன் சுடரடுப்பு (பன்சன் பர்னர்) இவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது. எனினும், இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்க்காஃப் உடன் இணைந்து நிறமாலைப் பகுப்பாய்வு முறையை உருவாக்கியதே இவரது முதன்மையான அறிவியல் பணியாகும். அம்முறைக்குத் தேவையான தூய சுடரை இச்சுடரடுப்பு அளித்தது.

இளமையும் கல்வியும்

பன்சன் கோட்டிங்கென் நகரில் பிறந்தார். இவரது தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றினார். பன்சன் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று 1831 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1834 இல், ஆர்னால்டு பெர்த்தோல்டு என்னும் மருத்துவருடன் இணைந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆர்செனிக் நஞ்சுக்கு முறிவாகும் எனக் கண்டறிந்தார்.

ஆர்செனிக் ஆய்வும் விபத்தும்

1836 இல் காசல் நகரிலும், பின்னர் மார்பர்க் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய காலத்தில் காக்கோடைல் எனப்படும் ஆர்செனிக் சேர்மங்களை ஆராய்ந்தார். இவை கடும் நஞ்சும், எளிதில் தீப்பற்றும் இயல்பும், பொறுக்க இயலாத நாற்றமும் கொண்டவை. ஆய்வின்போது காக்கோடைல் சயனைடு வெடித்ததில் பன்சன் தமது வலக்கண் பார்வையை இழந்தார். நஞ்சின் தாக்கத்தால் உயிருக்கே ஆபத்து ஏற்பட்டது. ஆயினும், குணமடைந்த பின் அவர் ஆய்வுப் பணியைக் கைவிடவில்லை.

1841 இல், மின்கலங்களில் பயன்பட்டு வந்த விலைமிக்க பிளாட்டினத்துக்கு மாற்றாகக் கரிம மின்முனையைப் பயன்படுத்தினார். இது பன்சன் மின்கலம் எனப் பெயர் பெற்றது.

சுடரடுப்பு

1852 இல் பன்சன் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு அவருக்கெனக் கட்டப்பட்ட புதிய ஆய்வுக்கூடத்திற்கு நிலக்கரி வாயு வழங்கப்பட்டது. அக்கால வாயு விளக்குகளின் சுடர் மஞ்சளாக ஒளிர்ந்து, பாத்திரங்களில் கரி படியச் செய்தது. எரிவதற்கு முன்னரே வாயுவையும் காற்றையும் கலந்துவிட்டால் இக்குறை நீங்கும் எனப் பன்சன் கருதினார். பல்கலைக்கழகக் கருவி வினைஞரான பீட்டர் தெசாகா 1855 இல் அதற்கேற்ற சுடரடுப்பைச் செய்து கொடுத்தார். எனவே, இக்கருவியின் உருவாக்கத்தில் தெசாகாவுக்கும் பெரும்பங்கு உண்டு. இதற்குப் பன்சன் காப்புரிமை எதுவும் பெறவில்லை.

சுடரடுப்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே வாயு விரைந்து மேலெழும்பும்போது, குழாயின் பக்கத் துளைகள் வழியாகக் காற்றையும் உள்ளே இழுக்கிறது. இக்கலவை குழாயின் மேல்முனையில் எரிகிறது. காற்றுத் துளைகளை மூடினால், முழுமையாக எரியாத கரித்துகள்கள் ஒளிர்வதால் மஞ்சள் சுடர் தோன்றும். அவற்றைத் திறந்தால் வெப்பம் மிகுந்த, ஏறத்தாழ நிறமற்ற நீலச் சுடர் கிடைக்கும்.

நிறமாலைப் பகுப்பாய்வு

உப்புகளைச் சுடரில் இட்டால் அவற்றிலுள்ள உலோகத்திற்கேற்ப நிறம் தோன்றும். ஆனால், சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் நிறம் பிற நிறங்களை மறைத்துவிடும். பன்சன் முதலில் நிறக் கண்ணாடிகள் வழியாகச் சுடரைப் பார்த்தார். அதைவிட, முப்பட்டகத்தின் மூலம் ஒளியைப் பிரித்துப் பார்ப்பதே சிறந்தது எனக் கிர்க்காஃப் கூறினார். 1859 இல் இருவரும் தொடங்கிய ஆய்வு, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறமாலைக் கோடுகள் உண்டு என நிறுவியது. சுடரே நிறமற்றதாக இருந்ததால் இக்கோடுகளைத் தெளிவாகக் காண முடிந்தது.

1860 இல் துர்க்கைம் ஊற்றின் கனிம நீரில், அதுவரை அறியப்படாத நீலக் கோடுகளை இருவரும் கண்டனர். அவற்றுக்குரிய தனிமத்திற்குச் சீசியம் எனப் பெயரிட்டனர். சில கிராம் சீசியம் உப்பைப் பெறுவதற்குப் பன்சன் 40 டன்னுக்கும் மேற்பட்ட நீரை ஆவியாக்க வேண்டியிருந்தது. 1861 இல் லெப்பிடோலைட் கனிமத்தில், சிவப்புக் கோடுகளைக் கொண்டு ருபீடியம் கண்டறியப்பட்டது. இம்முறையால் சூரியனிலும் விண்மீன்களிலும் உள்ள தனிமங்களையும் அறிய வழி பிறந்தது.

இறுதிக்காலம்

பன்சன் 1860 இல் கோப்ளி பதக்கத்தையும், 1877 இல் கிர்க்காஃப் உடன் இணைந்து முதலாவது டேவி பதக்கத்தையும் பெற்றார். திருமணம் செய்துகொள்ளாத அவர் 1889 இல், தமது 78 ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஹைடல்பெர்க்கில் காலமானார்.