குதிரை லாயத்தில் பிறந்த கார்

அது ஒரு குதிரை லாயம். ஆனால் உள்ளே குதிரை இல்லை. ஒரு மோட்டார் கார் உருவாகிக்கொண்டு இருந்தது!

போர்டு காரில் இருந்து கழற்றிய முன் அச்சு ஒன்று அங்கே கிடந்தது. நல்ல உருக்கு. அதை நட்ட நடுவில் இரண்டு துண்டாக அறுத்தார்கள்.

இது நடந்தது 1952-ம் ஆண்டில். லண்டன் நகரில் ஹார்ன்சி என்ற பகுதியில், ரெயில்வே ஓட்டல் என்ற மதுக்கடைக்குப் பின்னால் அந்த லாயம் இருந்தது. கடையை நடத்தியவரின் மகன்தான் கார் செய்துகொண்டு இருந்தார். அவர் பெயர் காலின் சாப்மன். உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் கார்களைப் படைத்தவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 24.

நல்ல அச்சை ஏன் அறுக்க வேண்டும்?

வில் வண்டியில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு சக்கரத்துக்கும் அச்சு ஒன்றுதான். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் அச்சு சாய்கிறது. அச்சு சாய்ந்தால் மறு பக்கத்துச் சக்கரமும் சாய்கிறது. மெதுவாகப் போகும் வண்டிக்கு இதனால் கெடுதல் இல்லை. மணிக்கு 80 மைல் வேகத்தில் வளைவில் திரும்பும் காருக்கோ இது ஆபத்து. அச்சை அறுத்து, அறுத்த முனைகளை நடுவில் கீல் போல மாட்டிவிட்டால், ஒரு சக்கரம் துள்ளும்போது மற்றது தன்பாட்டுக்கு ஓடும்.

இந்த முறையை முதலில் கண்டுபிடித்தவர் சாப்மன் அல்ல. வேறு என்ஜினீயர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஆனால் கையில் காசு இல்லாத வாலிபருக்கு அது ஏற்ற வழி. புதிதாக அச்சு வாங்க வேண்டாம் அல்லவா?

காதலி கொடுத்த கடன்

சாப்மன் 1928-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் உள்ள யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டட என்ஜினீயரிங் படித்தார். எந்தத் தூணுக்கு எவ்வளவு பாரம், எந்தக் கம்பி எதைத் தாங்கும் என்று கணக்குப் போடும் படிப்பு அது. அந்தக் கணக்கை அவர் பிற்பாடு காரில் போட்டார்.

படிக்கும்போதே பழைய கார்களை வாங்கி விற்றார். 1947-ல் இங்கிலாந்து அரசாங்கம் சொந்தக் கார்களுக்குப் பெட்ரோல் ரேஷனை நிறுத்திவிட்டது. வியாபாரம் படுத்தது. கடைசியில், யாரும் வாங்காத ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார் ஒன்று அவர் தலையில் நின்றது. அதைப் பிரித்து, ஒட்டுப் பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் புது உடல் கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ்.

அது உருவான இடம், அவருடைய காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை. லோட்டஸ் என்றால் தாமரை. அந்தப் பெயரை ஏன் வைத்தார் என்று அவர் யாருக்கும் விளக்கவில்லை.

1952-ம் ஆண்டு ஜனவரி மாதம் கம்பெனி ஆரம்பம் ஆயிற்று. மூலதனம் 25 பவுன்! அதுவும் ஹேசல் கொடுத்த கடன். 1954-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

லாயத்தில் உருவான அந்தக் கார்தான் லோட்டஸ் ஆறு. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டவைத்து அதற்கு எலும்புக்கூடு கட்டினார். அந்தக் கூட்டின் எடை சுமார் 55 ராத்தல். ஓர் அரிசி மூட்டையை விட மிகக் குறைவு!

இரண்டு வேலை செய்யும் கம்பி

1957-ல் லோட்டஸ் செவன் வந்தது. கதவு கிடையாது. உட்கார்ந்தபடியே கையைத் தொங்கவிட்டால் தரையைத் தொடலாம். சாமான்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் விற்பனை வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். அதனால் காரைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டார்கள் என்றும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு.

செவன் காரின் முன் சக்கரத்தைப் பார்த்தால் சாப்மனின் மூளை தெரியும்.

அச்சை அறுக்கும் முறையை இதில் கைவிட்டார். ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கைகள் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் கல் எறியும் கவட்டை இருக்கிறதே, அந்த வடிவம்தான். கவட்டையின் இரண்டு காலும் காரின் உடலில், நுனி சக்கரத்தில். இரண்டு கால் இருந்தால்தான் பிரேக் போடும்போது சக்கரம் முன்னும் பின்னும் அசையாது.

இது தவிர, வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குக் கம்பி ஒன்று உண்டு.

சாப்மன் யோசித்தார். முறுக்குக் கம்பி எப்படியும் சக்கரம் வரை வரத்தான் போகிறது. அதன் நுனியையே மேல் கவட்டையின் ஒரு காலாக வைத்துவிட்டால்? ஒரு கால் மிச்சம்! எடையும் மிச்சம், காசும் மிச்சம். அப்படியே செய்தார்.

1960-ல் வந்த இரண்டாம் வரிசைச் செவனில், சக்கரத்தைத் தாங்கும் துண்டு டிரையம்ப் ஹெரால்டு காரில் இருந்து எடுக்கப்பட்டது. அந்த ஹெரால்டு நமக்கும் பழக்கமான வண்டிதான். சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அதைச் செய்து விற்றார்கள்.

வெற்றியும் பலியும்

1960-ம் ஆண்டு மொனாக்கோ பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் லோட்டசுக்கு முதல் பெரிய வெற்றியைத் தேடித் தந்தார். அடுத்த மாதமே, பெல்ஜியத்தில் பந்தயப் பயிற்சியின்போது அவருடைய லோட்டசின் பின் சக்கரம் கழன்று பறந்தது. மாசுக்கு இரண்டு காலும் முறிந்தது.

ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் உலகச் சாம்பியன் ஆனார். சாப்மனுக்கு அவர் உயிர் நண்பர். 1968 ஏப்ரல் 7-ந் தேதி, ஜெர்மனியில் லோட்டஸ் ஓட்டும்போது மரத்தில் மோதி இறந்தார்.

லோட்டஸ் வேகமான கார். ஆனால் ஒடியும் கார் என்றும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நேருக்கு நேர் எழுதியவர் யோகன் ரிண்ட். 1969-ல் ஸ்பெயின் பந்தயத்தில் அவர் காரின் இறக்கை உடைந்து விபத்து நேர்ந்தது. காயத்தோடு தப்பிய ரிண்ட், சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் கார் எல்லாக் கார்களையும் விட வேகமானது. இன்னும் சில ராத்தல் எடை கூட்டிப் பலவீனமான பாகங்களைப் பலப்படுத்தினாலும் நாம் ஜெயிக்கலாம் என்பது கடிதத்தின் சாரம்.

மறு ஆண்டு லோட்டஸ் 72 வந்தது. முன் சக்கரத்தில் தொங்கும் பிரேக்கின் பாரத்தைக் குறைத்தால், சக்கரம் மேடு பள்ளத்தில் தரையை விட்டுத் துள்ளாது. ஆகவே பிரேக்கைச் சக்கரத்தில் இருந்து எடுத்து, காரின் உடலுக்குள் வைத்தார்கள். சக்கரத்தையும் பிரேக்கையும் இணைக்க ஒரு தண்டு. அருமையான யோசனை. அந்த ஆண்டு ரிண்ட் தொடர்ந்து 4 பந்தயங்களில் வென்றார்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியில் மோன்சா மைதானம். பயிற்சி ஓட்டத்தில், ரிண்ட் பிரேக் போட்டபோது கார் இடது பக்கம் திரும்பித் தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார். வலது முன் சக்கரத்தின் பிரேக் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று விசாரணையில் தெரிந்தது. தடுப்பு வேலி சரியாக அமைக்கப்படாததே உயிரைக் குடித்தது என்றும் முடிவு சொன்னார்கள். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் ரிண்டுக்கே கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

சாப்மன் அதன் பிறகும் பந்தயத்தை விடவில்லை. 1978 வரை அவருடைய லோட்டஸ் 7 முறை கார் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. 1982 டிசம்பர் 16-ந் தேதி, மாரடைப்பால் காலமானார். வயது 54. சாகும் காலத்தில், டெலோரியன் கார் கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்த பணம் மாயமான விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது.

கடைசியாக அவர் செய்வித்துக்கொண்டு இருந்த ஆராய்ச்சியும் சஸ்பென்ஷன்தான். ஸ்பிரிங்குக்குப் பதில், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் தாங்கும் முறை. 1987-ல் மொனாக்கோவில் அயர்டன் சென்னா அந்த முறையில் செய்த லோட்டசை ஓட்டி வென்றார்.

ஒரு காலைத் திரும்பச் சேர்த்தவர்கள்

1973-ல் செவன் காரைச் செய்யும் உரிமையை லோட்டசிடம் இருந்து கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது. அதே அச்சில் கார் செய்கிற வேறு கம்பெனிகளும் தோன்றின. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், 250 பவுன் செலவில் இப்படி ஒரு காரை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று புத்தகம் எழுதினார். அதைப் படித்துப் பலர் தங்கள் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார்கள்.

செவனைப் போலச் செய்தவர்கள் முதலில் கை வைத்த இடம் எது தெரியுமா? முன் சக்கரத்தின் மேல் கைதான்! சாப்மனின் ஒற்றைக் கம்பி இரண்டு வேலை செய்ததில் ஒரு சங்கடம் இருந்தது. சாய்வைக் குறைக்கக் கம்பியைத் தடிமனாக்கினால், சக்கரத்தின் பிடிமானமும் சேர்ந்து மாறும். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். ஆகவே மேலேயும் முழுக் கவட்டை வைத்தார்கள். முறுக்குக் கம்பியைத் தனியே பிரித்தார்கள்.

வேலை அதோடு முடியவில்லை. ஸ்டீரிங் கம்பியின் நீளமும் உயரமும் மேல் கை, கீழ் கை இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும், சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் ஓட்டுகிறவர் திருப்பாமலே கார் தானாகத் திரும்பும். இதற்காகத் துளைகளை அளந்து அளந்து அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்தார்கள்.

சக்கரம் தாங்கும் துண்டுக்குப் பழைய போர்டு கார்ட்டினா கார்களை உடைக்கும் கடைகளைத் தேடிப் போனார்கள். அந்தத் துண்டு மலிவு. உறுதியும் அதிகம். எடையும் அதிகம். சாப்மன் மிச்சம் பிடித்த காலைத் திரும்பச் சேர்த்த அதே மனிதர்கள், இந்தத் துண்டில் எத்தனை ராத்தல் குறைக்கலாம் என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள்.