ஐசியூவில் 24 மணி நேரமும் ஓடும் டயாலிசிஸ்: போர்க்காலத்தில் அதற்கு அடித்தளம் போட்ட டாக்டர் கொல்ஃப் யார்?

ஐசியூவில் இருப்பவருக்கு டயாலிசிஸ் தொடங்கணும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்துக்கு முதலில் வரும் பயம், இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தானா என்பதுதான். எல்லோருக்கும் அப்படி இல்லை. கடுமையான கிருமித் தொற்றாலோ பெரிய ஆபரேஷனுக்குப் பிறகோ திடீரென வேலைநிறுத்தம் செய்யும் கிட்னி, நோயாளி உயிர் பிழைத்தால் பல நேரங்களில் தானாகவே மீண்டு வரும். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் மிஷினின் வேலை.

இதைப் பல மரணங்களைப் பார்த்த பிறகே நிரூபிக்க முடிந்த ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயர் வில்லெம் கொல்ஃப்.

இளைஞரின் மரணமும் 20 கிராம் கணக்கும்

1911 பிப்ரவரி 14-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பிறந்தவர் கொல்ஃப். அப்பா டாக்டர், காசநோய் மருத்துவமனை ஒன்றை நடத்தியவர். மகனுக்கோ சின்ன வயதில் மிருகக்காட்சி சாலை நடத்தத்தான் ஆசை. எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவும் இருந்தது. அதையும் தாண்டி மருத்துவம் படித்து முடித்து, 1938-ல் க்ரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் பொறுப்பில் இருந்த 22 வயது இளைஞர் ஒருவர் கிட்னி செயலிழந்து இறந்தார். அவர் பிழைக்க மாட்டார் என்பதை அவருடைய அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் கொல்ஃபுக்கே வந்தது. அந்த மரணம் அவரை விடவே இல்லை. தினமும் 20 கிராம் யூரியாவை உடம்பிலிருந்து வெளியே எடுத்திருந்தால் அந்தப் பையன் தாக்குப்பிடித்திருப்பானே என்று கணக்குப் போட்டார்.

சாசேஜ் இறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயில் விடை கிடைத்தது. குழாய்க்குள் யூரியா கலந்த ரத்தத்தை ஊற்றி, உப்புத் தண்ணீரில் போட்டு ஆட்டினார். சில நிமிடங்களிலேயே யூரியா பெருமளவு தண்ணீருக்குப் போய்விட்டது. ரத்த அணுக்கள் பெரியவை, அதனால் உள்ளேயே தங்கிவிட்டன. இன்றைய டயாலிசிஸ் ஃபில்டரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

நாஜி ஆட்சியில் ஒரு மரச்சக்கரம்

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைத் தாக்கியது. அந்த நேரத்தில் ஹேக் நகரில் இருந்த கொல்ஃப், நான்கே நாளில் அங்கே ஒரு ரத்த வங்கியை அமைத்தார். க்ரோனிங்கனில் அவருடைய தலைமைப் பேராசிரியர் ஒரு யூதர். படையெடுப்புக்குப் பின் அவர் தன் மனைவியுடன் தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்கு நாஜி ஆதரவாளர் ஒருவர் வரவே, அவருக்குக் கீழே வேலை செய்ய மனமில்லாமல் கொல்ஃப் காம்பன் என்ற சிறிய ஊரின் மருத்துவமனைக்கு மாறிப் போனார்.

போர்க்காலம் என்பதால் எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு. உள்ளூர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் இயக்குநர் ஹெண்ட்ரிக் பெர்க் கைகொடுத்தார். மரச்சட்டங்களால் ஆன ஒரு உருளை, அதைச் சுற்றிப் பல மீட்டர் நீள செல்லோஃபேன் குழாய், கீழே உப்புத் தண்ணீர் நிரம்பிய எனாமல் தொட்டி. உருளை சுற்றச் சுற்ற, குழாயில் ஓடும் ரத்தம் தண்ணீரில் முங்கி எழும், கழிவு வெளியேறும். சுற்றும் உருளைக்கும் நிலையான குழாய்க்கும் நடுவில் ரத்தம் கசியாமல் இருக்க, ஃபோர்டு காரின் தண்ணீர் பம்பில் இருந்த இணைப்பு முறை கைகொடுத்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து.

முதல் 16 பேரும் 17-வது நபரும்

1943 மார்ச்சில் முதல் நோயாளி, 29 வயதுப் பெண். கிட்னி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர். ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யும்போதும் ஒரு ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். 12 முறை முடிந்ததும் குத்துவதற்கு ரத்தக்குழாயே மிச்சமில்லை. அவர் இறந்துபோனார்.

அடுத்தடுத்து வந்தவர்களில் சிலருக்கு கிட்னி மீளவே முடியாத நிலை. சிலர் கடைசி கட்டத்தில் வந்து சேர்ந்தவர்கள். முதல் 16 பேரில், இந்த மிஷினால்தான் பிழைத்தார் என்று உறுதியாகக் கைகாட்ட ஒருவர்கூட இல்லை. வேறொருவராக இருந்தால் மிஷினை மூட்டை கட்டியிருப்பார். கொல்ஃப் விடவில்லை.

1945 செப்டம்பர் 11. போர் முடிந்திருந்தது. 17-வது நோயாளியாக வந்தவர் 67 வயது மூதாட்டி. பித்தப்பை தொற்றால் கிட்னி திடீரென நின்று, கோமாவில் இருந்தார். நாஜிக்களுக்கு ஒத்துழைத்ததற்காகச் சிறையில் இருந்தவர். அவர் பிழைக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் அந்த ஊரில் உண்டு. கொல்ஃபோ நாஜி ஆட்சியிடமிருந்து பலரை மருத்துவமனையில் மறைத்துக் காப்பாற்றியவர். ஆனாலும் நோயாளி யார், எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை.

பதினோரு மணி நேரத்துக்கும் மேலாக உருளை சுற்றியது. மூதாட்டி கண் திறந்தார். சில நாட்களில் சிறுநீர் பிரிய ஆரம்பித்தது, கிட்னியும் மீண்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்து, வேறு காரணத்தால்தான் இறந்தார். ஒரே வித்தியாசம், அவருடைய கிட்னிக்குத் திரும்பி வரும் சக்தி இருந்தது. அதற்குத் தேவைப்பட்ட அவகாசத்தை மிஷின் கொடுத்தது.

காப்புரிமை இல்லை, இலவசம்

கொல்ஃப் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. போர்க்காலத்தில் செய்து வைத்திருந்த மிஷின்களை லண்டன், நியூயார்க், மான்ட்ரியல் மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார். பாஸ்டன் டாக்டர்கள் அவருடைய வரைபடத்தை வாங்கி மேம்படுத்திய மாடல், கொரியப் போரில் காயமடைந்து கிட்னி செயலிழந்த வீரர்களுக்குப் பயன்பட்டது.

1950-ல் அமெரிக்கா போனார். க்ளீவ்லாண்டில் பழச்சாறு டப்பாவைச் சட்டமாக வைத்து, ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் ஃபில்டரை உருவாக்கினார். 1956-ல் அது சந்தைக்கு வந்தது. பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில் செயற்கை இதயத் திட்டத்தை நடத்தினார். 1982-ல் அங்கே பொருத்தப்பட்ட ஜார்விக்-7 இதயத்துடன் ஒரு நோயாளி 112 நாட்கள் வாழ்ந்தார்.

சரி, 24 மணி நேர டயாலிசிஸ் எங்கிருந்து வந்தது?

வழக்கமான டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, சுமார் 4 மணி நேரம் நடக்கும். குறைந்த நேரத்தில் நிறைய நீரை உறிஞ்சும். ஐசியூவில் பிபி ஏற்கெனவே தரைமட்டத்தில் இருப்பவருக்கு இது தாங்காது, பிபி இன்னும் சரியும்.

1977-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் டாக்டர் பீட்டர் க்ராமர் சிகிச்சை செய்தபோது, சிரைக்குள் போக வேண்டிய குழாய் தவறுதலாகத் தமனிக்குள் போய்விட்டது. அதையே அவர் வாய்ப்பாக்கிக்கொண்டார். இதயம் கொடுக்கும் அழுத்தமே ரத்தத்தை ஃபில்டருக்குள் தள்ள, பம்ப் இல்லாமலே மெதுவாக, இடைவிடாமல் நீர் வெளியேறியது. பிற்பாடு பம்ப் சேர்ந்து, இன்று சிஆர்ஆர்டி என்று டாக்டர்கள் சொல்லும் முறையாக அது வளர்ந்தது.

இதில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி என்பதே வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 29 முதல் 36 லிட்டர் வரை கழிவுத் திரவம் வெளியேறும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் நல்லதா? 2008, 2009-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், அதனால் கூடுதலாக உயிர்கள் காப்பாற்றப்படவில்லை என்று காட்டின. இந்த முறை சாதாரண டயாலிசிஸைவிட அதிக உயிர்களைக் காக்கிறது என்பதற்கும் தெளிவான ஆதாரம் இல்லை. பிபி நிலையாக இல்லாதவர்களுக்கும், மூளையில் வீக்கம் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பானது என்பதால்தான் இதைத் தேர்வு செய்கிறார்கள்.

மிஷினை ஓடவிட்டால் மட்டும் போதாது. ஃபில்டரில் ரத்தம் உறைகிறதா, பொட்டாசியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மேல் குறைகிறதா, உடம்பு குளிர்ந்துபோகிறதா என்று நர்ஸ்கள் இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தே வெளியேறும் என்பதால் டோஸை மாற்ற வேண்டியிருக்கும்.

2002-ல் கொல்ஃபுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 2009 பிப்ரவரி 11-ல், 98-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு காலமானார். எல்லா கிட்னியும் மீளும் என்று எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனா இப்படி ஒரு நிலைமை வீட்டில் யாருக்காவது வந்தால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது திடீர் பாதிப்பா, நாள்பட்டதா? அடுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கும்.