மயிலாடி மகாராசன்

விடியுமுன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்கிறது. தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். முந்தலைக் கடந்து, வளைவு வளைவாக மலையேறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். அந்த ஜீப்பில் மாரியம்மாளும் இருப்பார், மரியம்மாளும் இருப்பார். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே கூலி, ஒரே முதுகுவலி.

மரியம்மாளின் முன்னோர் எதற்காக வேதத்தில் சேர்ந்தார்கள்? சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று ஏளனம் பேசும் கூட்டம் ஒன்று நாட்டில் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு மறுமொழியாக ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் ஏலமலைக்காரர் அல்ல. ஆனால் போடிமெட்டைத் தாண்டினால் தொடங்கும் அந்த மலை முன்னாளில் திருவிதாங்கூர் அரசரின் மண். அதே அரசின் தென்கோடியில், குமரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது மயிலாடி. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது மயிலாடி தமிழகத்தோடு சேர்ந்தது. ஏலமலை கேரளத்தோடு போயிற்று. அந்த வடு வேறு கதை.

மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மகாராசன். பெயரில்தான் மகாராசன்! மேல்சாதிக்காரன் வரும் வழியில் அவர் நிற்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. வீட்டுப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. அரசுக்குத் தலைவரி கட்ட வேண்டும். அழைத்தபோதெல்லாம் கூலியில்லாத ஊழியத்துக்கும் போக வேண்டும். நான் என்று சொல்லவும் உரிமையில்லை. அடியேன் என்றே சொல்ல வேண்டும்.

மகாராசன் பக்திமான். மருமகனை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். தில்லை என்றதும் தோழர்களுக்கு நந்தன் நினைவு வரும். தரிசனம் கேட்ட நந்தனுக்குக் கிடைத்தது நெருப்பு. மகாராசன் நெருப்பில் இறங்கவில்லை. தேடியது தில்லையில் கிடைக்காமல் தஞ்சைக்குப் போனார். அங்கே கிறிஸ்தவர்களாகிவிட்ட உறவினர்கள் இருந்தார்கள். சுவார்ட்ஸ் பாதிரியாரின் சீடரான கோலாப் பாதிரியாரின் போதனையைக் கேட்டார். 1799 வாக்கில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தாழ்த்தப்பட்ட ஒருவரைப் பார்த்து, உன்னைப் படைத்தவனும் அவனைப் படைத்தவனும் ஒருவனே, நீயும் அவன் பிள்ளை என்று ஒரு சபை சொன்னது. நாம் பகுத்தறிவுப் பாதையில் நடப்பவர்கள். கந்தனையும் தொழுவதில்லை, கர்த்தரையும் தொழுவதில்லை. ஆயினும் அந்தச் சொல் ஒரு கூனிய முதுகை நிமிர்த்தியது என்பதை மறைக்க நமக்கு மனமில்லை.

தஞ்சையில் தங்கிவிட்டிருந்தால் அவருக்கு நிம்மதி கிடைத்திருக்கும். அவரோ தமிழ்ப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மயிலாடிக்கே திரும்பினார். சொந்தபந்தங்களுக்குப் படித்துக் காட்டினார். சிலர் சேர்ந்தார்கள், பலர் சினந்தார்கள். தொல்லை பொறுக்காமல், சேர்ந்தவர்களோடு தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட எண்ணினார். அந்த வேளையில்தான் 1804-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியிருந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியாரைப் பற்றிய செய்தி கிடைத்தது. 1806 ஏப்ரலில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே மயிலாடி வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரப் பாதிரி வந்து இருளில் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்தார் என்பார்கள். அது தலைகீழ்! தேடியவர் மயிலாடிக்காரர், பாதிரியார் பின்னால் வந்தவர்.

கோயில் கட்ட உடனே வழி பிறக்கவில்லை. வேலுத்தம்பியின் எழுச்சி அடங்கிய பிறகு 1809-இல்தான் மயிலாடியில் கோயில் எழுந்தது. அதே ஆண்டில் ஒரு பள்ளியும் தொடங்கியது. பின்னர் நாகர்கோவிலுக்கு மாறி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்பது அந்த விதைதான்.

ரெசிடெண்ட் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. ஏழு நாளும் எவனுக்கோ உழைத்த உடல் ஒரு நாள் தனக்கென்று உட்கார்ந்தது! வார விடுமுறைக்குப் போராடிய தொழிலாளிக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. வரித் தொல்லையிலிருந்து தப்பவே பலர் வந்து சேருகிறார்கள் என்று ரிங்கல்தௌபே மனம் கசந்தார். கசந்தால் கசக்கட்டும். அநியாய வரியிலிருந்து தப்ப நினைப்பதும் மனிதனாக நினைப்பதும் வேறு வேறு அல்ல. பசிக்கும் மானத்துக்கும் நடுவே கோடு கிழிப்பவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

சபைக்குள்ளே சாதி நுழையவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம். தஞ்சைச் சபையிலேயே தனித்தனி வரிசை இருந்தது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறையிலும் சாதிச் சுவரை எழுப்பினார்கள். வெளியிலிருந்தும் ஓர் அடி விழுந்தது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலில் வைத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோரைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே சேரியில் பிறந்த மாரியம்மாளின் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், மரியம்மாளின் பிள்ளைக்கு வேறொன்று என்பது எந்த ஊர் நியாயம்?

வேதமாணிக்கத்திடம் திரும்புவோம். 1816-இல் உடல் நலிந்த ரிங்கல்தௌபே நாட்டைவிட்டுப் புறப்பட்டார். சபைகளை யாரிடம் விடுவது? வேதமாணிக்கத்திடமே விட்டார். வெள்ளைத் தோலின் துணையில்லை, அரண்மனையில் ஆளில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்துக்காரர் ஒருவர், பல சாதியினரும் கூடிய சபைகளைச் சுமார் இரண்டு ஆண்டு கட்டிக் காத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்த 1855-ஐயும், சாணார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையைப் பெற்ற 1859-ஐயும் காண அவர் இருக்கவில்லை. ஆனால் 1818-இல் மீட் பாதிரியார் வந்து சேர்ந்தபோது மயிலாடிக் கோயில் பூட்டிக் கிடக்கவில்லை.